எரியுதா

மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கை எரியாமல் போனால்தான் பயம். வரப்பு கட்டும்போது மண்வெட்டி பட்ட கீறலில் பாத்தித் தண்ணீர் ஏறினால் சுரீரென்று இழுக்கும். ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த கூடையைத் தூக்குவார்கள். அந்தச் சுரீர் இருக்கிறவரைக்கும் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் பட்டும் எரியவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எரியாத கை பெருவியாதிக் கை, குஷ்டம் பிடித்த கை. இதை யார் முதலில் சொன்னது என்று தெரியாது, எந்த டாக்டரும் சொன்னதில்லை, ஆனாலும் அளத்தை ஒட்டி ஓடுகிற கால்வாய்க்கு இந்தப் பக்கம் அதைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் கிடையாது.

வேல்முருகன் பதினாறு வயதிலிருந்து அந்தப் பாத்திகளில் நிற்கிறவன். இப்போது நாற்பத்தெட்டு. தட்சணாமூர்த்தியின் அளத்தில் ஒன்பது பேர் கொண்ட செட்டுக்கு அவன்தான் மேஸ்திரி. மனைவி சூர்யகலாவும் அதே செட்டில் கூடை தூக்கினாள். ஒரே பையன் ராஜ்கமல் ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறான், மாதம் ஒருமுறை வந்து துணி துவைத்துக்கொண்டு போவான்.

அளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், குடிக்க ஒரு வாய் கிடையாது. காலையில் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வருகிற இரண்டு குடம் நல்ல தண்ணீர்தான் ஒன்பது பேருக்கும் மதியம்வரை. எல்லார் கையிலும் உப்பு ஒட்டியிருப்பதால் குடத்தை யாரும் தொடக்கூடாது. ஒருவர் மட்டும் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு சொம்பில் மொண்டு ஊற்றுவார், மற்றவர்கள் குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் குடிப்பார்கள். பதினெட்டு வருஷமாக அந்த வேலை சூர்யகலாவுடையது. சும்மா ஊற்றமாட்டாள். "போதும்பா, வயித்துக்குள்ளயும் பாத்தி கட்டப் போறியா?" என்பாள். சிரித்துப் புரை ஏறி இருமாமல் அவள் கையால் தண்ணீர் குடித்தவர் அந்தச் செட்டில் இல்லை.

போன வருஷம் பனிக்காலத்தில்தான் அவள் விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன. விடியலில் குடத்தைத் தொட்டால் நுனி நான்கும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, வெயில் ஏறியதும் சிவந்து துடிக்கும். "எனுக்கு மட்டும் விரல்ல கலர் மாறுது பாரு, டிவி மாதிரி" என்று எல்லாரிடமும் காட்டிச் சிரித்தாள். அப்புறம் முகம் இழுத்துக்கொண்டது. நாற்பத்திரண்டு வயசுக்காரிக்குக் கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் மழமழவென்று ஆனது. செட்டிலேயே இளையவளான செந்தமிழ் பொறாமையாக, "யக்கா, இன்னா க்ரீம் பூசற?" என்று கேட்டாள். வாய் மட்டும் முன்போல அகலத் திறக்கவில்லை. இட்லியைக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளவேண்டியிருந்தது. இந்த வருஷம் மழை விட்டதும் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை.

தை பிறந்து நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, தண்ணீர் குடிக்கக் குனிந்த செந்தமிழ் அந்த விரலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிட்டாள். "தாகம் இல்லக்கா" என்றாள். அடுத்தவளுக்கும் தாகம் இல்லை. வேல்முருகன் இதை வரப்பிலிருந்து பார்த்தான். மனைவியைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமான கோபம்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். எல்லார் வாயையும் ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று நினைத்தான்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்துத் தொட்டியில் முதல்நாள் இறைத்த உப்புத் தண்ணீர் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. ஒன்பது பேரும் வந்து சேர்ந்ததும் கூப்பிட்டான்.

"சூர்யா, இங்க வா. கைய இதுல வை."

"இன்னாத்துக்கு?"

"வை, சொல்றேன். எல்லாரும் பாத்துக்கட்டும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போய்யா என்று சொல்லியிருப்பாள். வளையலை மேலே தள்ளிக்கொண்டு இரண்டு கையையும் மணிக்கட்டுவரை விட்டாள். விட்டதும் ஒருமுறை முகம் சுளித்தாள். பிறகு சுளிப்பு போய்விட்டது. விரல்கள் தண்ணீருக்குள்ளேயே வெளுத்தன. முத்தம்மாள், செட்டிலேயே மூத்தவள், அறுபதை நெருங்கிய விதவை, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"எரியுதா?" என்றான் வேல்முருகன்.

சூர்யகலா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "இல்லியே" என்றாள். "ஒண்ணுமே தெரியலியே."

செந்தமிழ் வானத்தைப் பார்த்தாள். வேல்முருகன் தானே எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துக் காட்டியாகிவிட்டது.

"நீ வூட்டுக்குப் போ" என்றான்.

"தண்ணி யாரு ஊத்தறது?"

"செந்தமிழ் ஊத்துவா. நீ போ."

அவள் வரப்பு வழியாக ரோடு வரைக்கும் தனியாக நடந்துபோனதை ஒன்பது பேரில் எட்டுப் பேர் பார்க்காததுபோல் பார்த்தார்கள். அவள் போன பிறகு ஒருவன் அந்தத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலி செய்தான். வேல்முருகன் தடுக்கவில்லை.

அதற்கு அப்புறம் அவன் செய்ததுதான் கொடுமை. செய்யும்போது கொடுமை என்று அவனுக்குத் தோன்றவில்லை. நம்பிக்கையோடுதான் செய்தான். ஒருநாள் எரியாவிட்டால் என்ன, இன்னொரு நாள் எரியலாம் இல்லையா? தினமும் சாயங்காலம் ஒரு லிட்டர் பெப்சி பாட்டிலில் உப்புத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் வைத்தால் சூடாகிவிடும், கெட்டுப்போகும் என்று வெளியே ஜன்னல் விளிம்பில் பனியில் வைத்தான். விடியலில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அதைப் பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி அவள் முன்னால் வைப்பான்.

"எரியுதா?"

"இல்ல."

"நல்லா அமுக்கி வை. இப்ப?"

"இல்லங்க."

பேசினைக் கொண்டுபோய்த் தெருவோரச் சாக்கடையில் கொட்டிவிட்டு வண்டியை எடுப்பான். அவன் போய் அரைமணி நேரம் கழித்து, வெயில் ஜன்னலுக்கு வந்ததும், அந்த விரல்களில் ரத்தம் திரும்பும். அப்போது எரியும். தணலில் விட்டதுபோல எரியும். கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து அழுவாள். ஒருநாள் சாயங்காலம் அவனிடம் சொன்னாள்.

"நீங்க போனதுக்கு அப்பால எரியுதுங்க. உயிர் போவுது."

"நான் இருக்கும்போது எரியாதாம், போனப்பறம் எரியுமாம். ஏன் சூர்யா, என்னாண்டயே பொய் சொல்றியா?"

மறுநாள் விடியலில் பேசினில் கையை வைத்ததும், அவன் கேட்பதற்கு முன்பே, "எரியுது, எரியுது" என்றாள். அதையும் அவன் நம்பவில்லை.

அவளுக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாக ஆயின. அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, சாப்பிட்டதும் அவற்றை எடுத்து வேறு இடத்தில் கவிழ்த்துவைத்தான், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். ராஜ்கமலிடம் போனில், வேலை நிறைய இருக்குது, ரெண்டு மாசம் வராதே என்றான். கருவாட்டுக் குழம்பை அவனே வைத்தான், உப்பு அதிகமாகப் போட்டான். அவள் சாப்பிட்டாள்.

மாசியில் இரண்டு பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்கு வந்தார்கள். வீடு வீடாகப் போய் உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள். வேல்முருகன் வாசலை மறித்து நின்றான்.

"வூட்ல எத்தினி பேருங்க?"

"ரெண்டு பேரு. நான் நல்லாருக்கேன். பொண்டாட்டி ஊர்ல இல்ல, தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்கா. எடையஞ்சாவடி."

"வந்ததும் சொல்லுங்கண்ணா. பயப்பட ஒண்ணுமே இல்ல, மாத்திரை ஃப்ரீதான். ஆறு மாசம், இல்லனா ஒரு வருசம், சரியாயிடும். மறைச்சாதான் கை கால் போவும்."

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். உள் ரூமிலிருந்து சூர்யகலா வெளியே வந்தாள்.

"எங்க போயிருக்கேன்னு சொன்னீங்க?"

"உன் தங்கச்சி வூட்டுக்கு."

"அங்கயாவது நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாத்திரை இருக்கிறது என்று அவன் காதாலேயே கேட்டான். அதுவும் இலவசம். ஆனால் அந்த நோட்டில் சூர்யகலா, கணவர் பெயர் வேல்முருகன் என்று ஒரு வரி ஏறுவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு வாரத்தில் அந்த விரல் நுனி கறுத்தது. காய்ந்த திராட்சையைப் போலச் சுருங்கிக் கறுத்தது.

பொய் அவனை வேறு வழியாக வந்து பிடித்தது. சூர்யகலாவின் தங்கை அம்சவல்லிக்கு வீடு எடையஞ்சாவடியில், பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்க்கிறாள். ஆரோவில்லுக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்குச் சாம்பாரில் காரம் குறைத்துப் போட்டுப் போட்டு, அந்தக் காரமெல்லாம் அவள் வாயில் சேர்ந்துவிட்டது. மரக்காணத்திலிருந்து அங்கே வேலைக்கு வருகிற ஒருத்தி, உங்கக்கா உன் வீட்டில்தானே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாள். அம்சவல்லி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டாள்.

"எங்க அக்கா எங்க வூட்ல இருக்குதாமே மாமா? எனக்கே தெரியாம எந்த ரூம்ல படுத்துனு இருக்குது?"

அம்சவல்லி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"இது இன்னா மாமா?"

"உப்புப் புண்ணு."

"உப்புப் புண்ணா? விரலு கருகிப் போயிருக்குது, உப்புப் புண்ணுன்ற. பாண்டிக்கு இட்டுனு போறேன். நீயும் வர்ற. சட்டைய மாட்டு."

"அம்சா, தொடாத. அது வந்து..."

"வந்து?"

அம்சவல்லிக்குப் புரிந்தது. அக்காவின் கையை விடாமல், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும். அதுக்கும் ஆஸ்பத்திரிதான்" என்றாள்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இடத்தில் காட்டி, அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பி, ரத்தம் எடுத்து, நான்கு நாள் கழித்து ரிசல்ட்டோடு தமிழ்நிலா என்ற டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். முப்பத்தைந்து வயசு இருக்கும். உட்கார்ந்ததும் கையுறை எதுவும் போடாமல் சூர்யகலாவின் கையை எடுத்துத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தார். இரண்டு மாதமாக அந்தக் கையை வேல்முருகன் தொடவில்லை. டாக்டர் தொட்ட விதத்தைப் பார்த்ததும் அவனுக்கு முதல்தடவையாக உடம்பு கூசியது.

"பச்சத் தண்ணில கை பட்டா வெளுக்குதாம்மா?"

"ஆமாங்க."

"வெளுத்திருக்கும்போது உணர்ச்சி இருக்குமா?"

"ஒண்ணும் தெரியாதுங்க. மரத்துப்போயிடும். சூடேறினதும் எரியும் பாருங்க, அழுகையே வந்துடும்."

"ஆமா. அப்படித்தான் எரியும்" என்றார் டாக்டர், சாதாரணமாக ஒப்புக்கொள்வதுபோல். வேல்முருகன் தரையைப் பார்த்தான்.

நகத்தின் அடிப்பக்கத் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சின்ன கேமரா ஒன்றை அதன்மேல் வைத்தார். திரையில் படம் வந்தது. "இதோ பாருங்க, ரத்தக்குழாய். முடிய விட மெல்லிசு." சில குழாய்கள் ஊதிப்போய்க் கிடந்தன, சில பாதியில் அறுந்திருந்தன, நடுவில் ஒன்றுமே இல்லாமல் வெற்றிடமாக இருந்தது. "நல்லா இருந்தா எப்படி இருக்கும்னு தெரியணுமா? சார், உங்க கைய வைங்க."

முப்பத்திரண்டு வருஷம் உப்பில் ஊறி வெடித்த அவன் விரலை வைத்தான். திரையில் கொண்டை ஊசிகளை வரிசையாகக் குத்தி வைத்ததுபோல் ஒன்று பக்கத்தில் ஒன்றாக, ஒழுங்காக, குழாய்கள் நின்றன.

"பாத்தீங்களா? உங்க கைக்கு ஒண்ணும் ஆகல. இது உப்பால வந்தது இல்ல."

"அப்ப பெருவியாதி..." என்றான். அறையில் அந்தச் சொல்லை அவன்தான் முதலில் சொன்னான்.

"தொழுநோயா? இல்லவே இல்ல. அதுவும் பாத்துட்டுதான் சொல்றேன். யார்கிட்ட இருந்தும் ஒட்டல, யாருக்கும் ஒட்டாது." டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். "உடம்புக்குள்ள கிருமி வந்தா அதப் பிடிக்கறதுக்கு ரத்தத்துல சில பொருள் உண்டாகும். ஆன்டிபாடின்னு பேரு. சிலருக்கு என்னாகுதுன்னா, அது சொந்த உடம்பையே வேத்து ஆளுன்னு நெனச்சுக்குது. இவங்க ரத்தத்துல சென்ட்ரோமியர் ஆன்டிபாடின்னு ஒண்ணு நிறைய இருக்கு. வியாதி பேரு சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். தோல் இறுகும், ரத்தக்குழாய் சுருங்கிச் சுருங்கி அடைச்சுக்கும்."

"அந்த ஆன்டிபாடிதான் குழாய அழிக்குதாங்களா?" என்று அம்சவல்லி கேட்டாள்.

"நல்ல கேள்வி. சில ஆன்டிபாடி நேரா குழாயோட உள்சுவர்லயே போய் ஒட்டிக் கெடுக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. இந்த ஆன்டிபாடி அப்படிப் பண்ணுதான்னு இன்னும் முடிவாத் தெரியல. ஆனா இது யார் ரத்தத்துல இருக்கோ அவங்களுக்குக் குழாய் கெடறது அதிகம்னு தெரியும். அது எங்களுக்கு ஒரு அடையாளம். விரல்ல இருக்கறது வெளிய தெரிஞ்சிடுச்சு. நுரையீரல் குழாய்ல வந்தா தெரியாது. அதனால மூச்சு வாங்காட்டியும் வருசா வருசம் எக்கோ எடுத்துப் பாக்கணும்."

பாத்திக்கு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று வேல்முருகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசிப் பாத்தி முதலில் காயும். அவனுக்கு இதெல்லாம் நன்றாகவே விளங்கியது. விளங்கியதுதான் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் கறுத்த விரலைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். "ஆனா இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு மோசமாகறதுக்கு ஏதோ இருக்கணும். தினமும் குளிர்ந்த தண்ணில கைய வைக்கிற மாதிரி ஏதாவது வேலை செஞ்சீங்களா? ஒவ்வொரு தடவ வைக்கும்போதும் ரத்தம் நின்னுபோயிருக்கும்."

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். சுவரில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். வேல்முருகன் வாயைக்கூடத் திறந்தான்.

"பாத்திரம் கழுவுவேங்க" என்றாள் சூர்யகலா. "விடியக்காலைல. குழாய்த் தண்ணி ஜில்லுனு இருக்கும்."

"ஏம்மா, வெளுக்குது, மரத்துப்போகுதுன்னு தெரியுது இல்ல? தெரிஞ்சும் வைப்பீங்களா? உங்க உடம்பு மேல உங்களுக்கு அக்கறை வேணாமா?" டாக்டர் திட்டினார். கொஞ்ச நேரம் நன்றாகவே திட்டினார். சூர்யகலா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். வேல்முருகன் திறந்த வாயை மூடிக்கொண்டான். அவன் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் பக்கத்து நாற்காலியில் அவள் வாங்கிக்கொண்டிருக்க, அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் செய்ததிலேயே எது கேவலமானது என்று யாராவது பின்னால் கேட்டிருந்தால், பேசினைச் சொல்லமாட்டான், இந்த ஐந்து நிமிஷத்தைத்தான் சொல்வான்.

ஐந்து நாள் படுக்கவைத்து, ரத்தக்குழாயைத் திறக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மற்ற விரல்கள் தப்பின. ஆள்காட்டி விரலின் முதல் கணு தப்பவில்லை. அது தானாகக் காய்ந்து விழுந்துவிடும், வெட்டவேண்டாம் என்றார்கள்.

மூன்றாம் நாள் வார்டுக்கு வெளியே அம்சவல்லியிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். பாட்டில், ஜன்னல், பேசின், எல்லாம். அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"என்னாண்ட ஏன் மாமா சொல்ற?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல."

"அக்காகிட்ட சொல்லு. அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லிட்டு லேசாயிட்டுப் போவப் பாக்கறியா?"

அவன் உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றான். சூர்யகலா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "சூர்யா, நான் பண்ணது..." என்று ஆரம்பித்தான். அவள், "மருந்து தீரப்போவுது, நர்ஸக் கூப்புடுங்க" என்றாள். போய்க் கூப்பிட்டான். டாக்டரிடம் மட்டும் டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சொல்லிவிட்டான். தமிழ்நிலா டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "அன்னிக்கே சொல்லியிருந்தா அவங்களத் திட்டியிருக்கமாட்டேனே" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

பங்குனி பாதியில் அவன் திரும்பவும் அளத்துக்குப் போனான். உப்பு வார ஆரம்பித்திருந்தார்கள். பாத்திகளெல்லாம் வெளுத்துக் கிடந்தன, கண் கூசியது. ஒன்பது மணிக்குக் கஞ்சி குடிக்க எல்லாரும் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள். பச்சை மிளகாயும் வெங்காயமும் சுற்றி வந்தன. வேல்முருகன் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. சூர்யாவுக்கு இருக்கறது பெருவியாதி இல்ல. டாக்டரு எழுதியே குடுத்துட்டாங்க. ரத்தத்துல ஏதோ ஆன்டிபாடியாம். அது குழாய அடைச்சுடுது, அதான் கை மரத்துப்போனது. அந்தப் பச்சத் தண்ணில வெச்சதாலதான் எரியல. ஒட்டற வியாதியே இல்ல. நாமதான் தப்பாப் பண்ணிட்டோம். நான்தான் பண்ணேன்."

செந்தமிழ் அழுதுவிட்டாள். "நான்தாண்ணா மொதல்ல தண்ணி வேணாம்னேன்" என்று மூக்கைச் சிந்தினாள். தொட்டியைத் திறந்துவிட்டவன் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "ச்சே, பாவம்ணா" என்றான். ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். இன்று சாயங்காலமே வந்து பார்க்கிறோம் என்றார்கள். வேல்முருகனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. ரிப்போர்ட்டை இன்னொருமுறை தூக்கிக் காட்டினான். "அந்த வியாதியே இல்ல. யாரும் இனிமே அப்படி நெனைக்கக் கூடாது" என்றான்.

"இருந்திருந்தா?"

முத்தம்மாள் கேட்டாள். கொட்டகையின் ஓரத்தில், கால்களைப் புடவைக்குள் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா?"

"இல்ல வேலு, கேக்கறேன். அது பெருவியாதியாவே இருந்திருந்தா, நீ பண்ணதெல்லாம் சரிதானா?"

வேல்முருகன் ரிப்போர்ட்டை மடித்தான். மடித்த இடத்திலேயே மறுபடி மடித்தான்.

மற்றவர்கள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள். முத்தம்மாள் எழுந்திருக்கவில்லை. அவர்கள் போகட்டும் என்று இருந்துவிட்டு, புடவையை முழங்கால்வரை தூக்கினாள். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல், சுற்றிலும் தோல் கறுப்பாக இருக்க, அது மட்டும் வெளிறி, முடியில்லாமல் இருந்தது.

"ஐப்பசிலேர்ந்து இருக்குது" என்றாள். "எனக்கும் எரியல. வெந்நி ஊத்திப் பாத்தேன், பீடி நெருப்பு வெச்சுப் பாத்தேன். தெரியல. அன்னிக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு சீட்டுக்கூட எடுத்து வெச்சிருந்தேன். அன்னிக்குக் காலைலதான் நீ சூர்யாவ எல்லார் முன்னாடியும் நிக்க வெச்ச."

"யக்கா..."

"அப்பால அந்த ரெண்டு பொண்ணுங்க நோட்டு எடுத்துனு தெருவுக்கு வந்தாங்க. நான் கதவ சாத்திக்கினு உள்ள குந்திக்கினேன். தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க." காலை நீட்டிக் காட்டினாள். "இப்ப ரெண்டு விரலு மடங்குது. செருப்பு கழண்டு வுழுந்தாலும் தெரியமாட்டேங்குது. வரப்புல பாதி தூரம் போய்ட்டு, திரும்பி வந்து தேடறேன்."

மாத்திரை ஃப்ரீ, ஆறு மாசத்தில் சரியாகிவிடும், மறைத்தால்தான் போகும் என்று அந்தப் பெண்கள் சொன்னது வேல்முருகனின் வாசலில் வைத்துத்தான். அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு வீடு தள்ளி இருக்கிற இவளிடம் ஒரு வார்த்தை வந்து சொல்ல அவனுக்குத் தோன்றியதில்லை. இன்றைக்குக்கூட, அந்த வியாதி இல்லை, அந்த வியாதி இல்லை என்று இவள் முகத்துக்கு நேரே நின்று காகிதத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறான்.

"நாளைக்கே போலாம்க்கா. நானே வண்டில இட்டுனு போறேன்."

"நீ வேணாம்பா" என்றாள் முத்தம்மாள், கோபமே இல்லாமல். "சூர்யாவ வரச் சொல்லு."

முத்தம்மாள் அப்போதே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள், அவனும் மதியத்தோடு வந்துவிட்டான். சூர்யகலா வாசலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ வெள்ளைக்காரம்மா விட்டுப்போன கம்பளிக் கையுறையை அம்சவல்லி கொடுத்திருந்தாள், அதைப் போட்டிருந்தாள். மரக்காணத்து வெயிலில் கம்பளிக் கையுறை போட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். முத்தம்மாள் கேட்ட கேள்வியையும் விடாமல் சொன்னான்.

"எப்பலேர்ந்து இருக்குதாம்?"

"ஐப்பசிலேர்ந்து."

"அப்ப அன்னிக்குத் தொட்டிகிட்ட நின்னு என் கையப் பாத்துனு இருந்தாங்களே, அப்பவே இருந்திருக்குது."

"ம்."

"அவங்க கேட்டதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

சூர்யகலா எழுந்தாள். செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள்.

"நானும் அதேதான் கேட்டுனு இருந்தேன், ரெண்டு மாசமா" என்றாள். "இருந்தா இருக்கட்டும், இந்த ஆளு இன்னா பண்ணுவாருன்னு. தெனமும் காலைல நீங்க பேசின எடுத்துனு வருவீங்க. எனக்குப் பதில் தெரிஞ்சிடும்."

மன்னிச்சுக்கோ என்று சொல்வதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவனுக்குப் பட்டது.

"நானும் கூட வரட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

"அவங்கதான் வேணாம்னாங்களே."

தெருவில் இறங்கி நடந்தாள். இரண்டு வீடுதான். வேல்முருகன் வாசலிலேயே நின்றான், பின்னால் போகவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. அவள் கதவைத் தட்டியது கேட்டது. யாரு என்று உள்ளேயிருந்து முத்தம்மாள் பயந்த குரலில் கேட்டாள்.

"நான்தாங்க்கா, சூர்யா" என்றாள் இவள்.

கதவு உடனே திறந்தது.